சீட்டில் வந்த பக்கம்

ஓட்டேரிக் கல்லூரி. மின்விசிறி ஓடாத அரங்கு.
கரும்பலகையில் தலைப்பு:
‘குடியேறிகள் சட்டம் கடுமையாக்கப்பட வேண்டும்.’
ஆம் என்று பேசுவதா, இல்லை என்று பேசுவதா
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டிப் போட்ட சீட்டு சொல்லும்.

எனக்கு ‘ஆம்’ வந்தது.

மாற்றித் தரட்டுமா என்று கேட்டார் பொறுப்பாசிரியை,
என் முகவரி தெரிந்தவர்,
குரலைத் தாழ்த்தி, வார்டில் நோயாளியைக் கேட்பதுபோல.
வேண்டாம் மேடம் என்றேன்.
இந்தச் சட்டத்தை நான் படித்ததில்லை.
எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில்
என்னோடு சேர்ந்து வளர்ந்தது அது.

எனக்கு முன்னால் ஹேமாவதி,
காட்பாடி ரயில்வே குவார்ட்டர்ஸ், நல்ல பெண்,
பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று
மூன்று முறை கேட்டாள்.
மூன்றாவது முறை கண் கலங்கிவிட்டது அவளுக்கு.
குறிப்புத்தாளின் ஓரத்தில் எழுதினேன்:
பாவம், எந்தப் பிரிவில்?

பிறகு எழுந்து நான்கு நிமிடம்
மணி அடிக்க ஐந்து நொடி மிச்சம் வைத்துப் பேசினேன்.
எல்லை என்றால் கோடு.
கோடு என்றால் உள்ளே, வெளியே.
2004 டிசம்பர் மூன்றுக்குப் பின்னால்
இந்த மண்ணிலேயே பிறந்தாலும்
பெற்றவரில் ஒருவர் சட்டவிரோதமாக வந்தவர் என்றால்
பிள்ளை குடிமகன் ஆகாது.
இரக்கத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது என்றேன்.
கைதட்டினார்கள்.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
ஐப்பசி மழை கொட்டிய இரவில்
இரண்டு கிலோ நானூறு கிராமாகப் பிறந்த ஒருத்தியை
வரி வரியாக வெளியே தள்ளினேன்.
கை நடுங்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

முதல் பரிசு. ஒரு ஹாட்பாக்ஸ்,
‘நிரோசினி’ என்று பிழையாக எழுதிய சான்றிதழ்.
‘துளி உணர்ச்சிவசப்படவில்லை’ என்றார் நடுவர்,
சத்துவாச்சாரியில் வக்கீல்.
சட்டம் படிக்க வாம்மா என்றார்.
விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில்
‘நாட்டுரிமை’ என்று ஒரு சொல் இருக்கிறது சார்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சமோசா வந்துவிட்டது.

மதியம் மூன்றிலிருந்து ஆஸ்பத்திரி எதிரே ஜெராக்ஸ் கடை வேலை.
வங்க எழுத்தில் பலகை மாட்டிய சந்து.
டாக்கா, சில்ஹெட், ராஜ்ஷாஹி:
பாஸ்போர்ட்டுகளைக் கண்ணாடியில் கவிழ்ப்பேன்.
அட்டையின் சூடு விரலில் கொஞ்ச நேரம் இருக்கும்.
இன்று ஒரு பையன், பதினாறு வயது,
தம்பிக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்க வந்தவன்,
விசா இன்னும் பன்னிரண்டு நாள்தான்,
நீட்டிப்பார்களா என்று அரைகுறை இந்தியில் கேட்டான்
என்னை,
ஏதோ நான்தான் ஆபீசர் என்பதுபோல.
டாக்டர் கடிதத்தை மேலே வை என்றேன்.
இரண்டு பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

ஆறு மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும், இன்றைக்குச் செக்கிங்.
கிரீன் சர்க்கிளில் அரை மணி நேரம் நின்றது பஸ்.
அகதிகள் என்ற சொல்லை அழித்து
மறுவாழ்வு என்று எழுதிய பலகைக்குக் கீழே
வரிசை கலையப் போகிற நேரம் ஓடிப்போய் நின்றேன்.
ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பெயரைச் சரியாகவே வாசித்தார்.
பள்ளிக்கூடப் பழக்கத்தில்
“உள்ளேன் ஐயா” என்றேன்.
அவர் நிமிரவில்லை. டிக் போட்டார்.

அம்மா ஹாட்பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“எந்தப் பக்கம் கதைச்சனீ பிள்ளை?”

“இன்னாம்மா,” என்றேன்,
“ஜெயிச்ச பக்கந்தான்.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு
சோற்றை அதில் மாற்றினாள்.
மூடி ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை.
அழுத்திப் பார்த்தாள்,
அப்புறம் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.